கனகேஸ்வரியின் அரிசி மூட்டை

குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் சிவப்பரிசி மூட்டையைக் காணவில்லை.

கனகேஸ்வரி முதலில் தன் கண்களைத்தான் சந்தேகித்தாள். மா போட்டு வைத்த பேணிகளை நகர்த்திப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பத்துக் கிலோ மூட்டை, வாய்த் தையல்கூடப் பிரிக்காதது. சனிக்கிழமை கடையிலிருந்து கணவர் தோளில் சுமந்து வந்து இதே மூலையில்தான் வைத்தார். அரிசிக்குக் கால் முளைத்துவிட்டதா?

"இஞ்சாருங்கோ, அந்த அரிசி மூட்டையைக் கண்டனீங்களோ?"

முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த தருமராசா தலையைத் திருப்பாமலே கேட்டார். "எந்த அரிசி?"

அந்த வீட்டில் இருப்பது ஒரேயோர் அரிசி. அதைத் தினமும் தின்கிற மனிதர் 'எந்த அரிசி' என்று கேட்டால் அவரை எப்படி நம்புவது? கனகேஸ்வரி குசினிக்குத் திரும்பினாள். ஆனால் நெஞ்சில் ஒரு முள் ஏறிவிட்டது.

உண்மையில் அந்த முள் சில மாதங்களாகவே அங்கே இருந்தது. அரிசி மட்டுமா காணாமல் போனது? அவளுடைய ஒரே மகனும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தான்.

பிரவீனனுக்கு இருபத்தொரு வயது. சிட்னியில், செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் லொறி திருத்தும் பட்டறையில் வேலை. கதவை மறைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு அவனுக்கு. கோவிலில் கண்டவர்கள் எல்லாம், "என்ன கனகம், பொடியன் நல்ல வாட்டசாட்டம்" என்பார்கள். அந்த உடம்பு தானாக வந்ததல்ல. அது கனகேஸ்வரி கட்டிய கோட்டை. தேங்காய்ப் பாலும் நெய்யும் முட்டைப் பொரியலும் குழைத்து, வருடக்கணக்காக, வாய் வாயாக ஊட்டி எழுப்பிய கோட்டை.

ஏன் கட்டினாள் என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

வன்னியில் போர் இறுகிய காலம். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்ட இயக்கத்துக்காரர்கள், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு நேரே பிடிக்கத் தொடங்கினார்கள். கனகேஸ்வரியின் தம்பி சுஜீதன் ஈர்க்குப் போல மெலிந்தவன். மானைப் போல ஓடுவான். பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரன் அவனுடைய வகுப்புத்தான், ஆனால் உருண்டையான பையன், மூச்சு வாங்காமல் தெரு ஒழுங்கை முனைவரை நடக்கமாட்டான். இருவரையும் டியூஷன் வாசலில், அவள் கண்முன்னே, ஒரே லொறியில் ஏற்றினார்கள். ஒரு கிழமையில் கேதீஸ்வரன் திரும்பி வந்தான். "ஓடவும் ஏலாது, பங்கர் குழிக்குள்ளை அடங்கவும் மாட்டான்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். அவனுடைய தாய் மகனைக் கட்டிப்பிடித்து அழுத அழுகை இரண்டு வேலி தாண்டிக் கேட்டது.

சுஜீதன் வரவில்லை. கனகேஸ்வரி மூன்று வயதுப் பிரவீனனை இடுப்பில் சுமந்துகொண்டு, புட்டும் மீன் பொரியலும் வாழையிலையில் கட்டி, பயிற்சி முகாம் வாசலில் போய் நின்றாள். தூரத்தில், செம்மண் திடலில், முதுகில் மண் மூட்டையோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் தன் தம்பி என்று தெரியவில்லை. காவலுக்கு நின்றவன், "அவர் இஞ்சை இல்லை அக்கா, போங்கோ" என்றான். அந்தப் பொதி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. தம்பி திரும்பவே இல்லை.

தருமராசா அப்போது அங்கே இல்லை. பாதைகள் மூடப்படுவதற்கு முன்பே கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து சிட்னிக்கு வந்து சேர்ந்துவிட்டார். போர் முடிந்து, சனங்களை அடைத்து வைத்த முள்வேலி முகாமும் முடிந்து அவள் விமானத்திலிருந்து இறங்கியபோது மகன் எலும்பும் தோலுமாக இருந்தான். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்தப் பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாதபடி வளர்ப்பேன்.

இந்த நாட்டில் யார் பிடிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கனகேஸ்வரியிடம் கேட்டால் சொல்வாள்: "அங்கையும் முதலிலை ஒருத்தரும் பிடிக்கேல்லைத்தானே."

இந்தக் கோடையில் தமிழ் வானொலியில் ஒரு நேயர் உரையாடல் நடந்தது. போர் வந்து இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைத்தால் என்ன ஆகும் என்று பேசினார்கள். விருந்தினராக வந்த டாக்டர் ஒருவர், "அழைக்கலாம், ஆனால் எத்தனை பிள்ளைகள் நிறைச் சோதனையில் தேறுவார்கள்? உடற்பருமன் இப்படியே கூடினால் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டி வரும்" என்று கவலைப்பட்டார். மற்றத் தாய்மார் தொலைபேசியில் வந்து பெருமூச்சு விட்டார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கனகேஸ்வரி மட்டும் சிரித்தாள். அன்றைய கறியில் இன்னொரு கிண்ணம் தேங்காய்ப் பால் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் பிரவீனன் மெலியத் தொடங்கினான்.

சாப்பாட்டுப் பெட்டி தினமும் வழித்துத் துடைத்ததுபோல வெறுமையாக வந்தது. ஆனால் கன்னம் வற்றியது. கழுத்து தெரிந்தது. இடுப்புப் பட்டியில் ஆணியால் போட்ட புதுத் துளை ஒன்று.

"என்ன பிள்ளை, உனக்கு ஏதும் வருத்தமோ?"

"ஐ'ம் ஃபைன், அம்மா."

"பின்னேரம் எங்கை போறாய்?"

"ஃப்ரெண்ட்ஸ்."

ஒரே சொல்லில் பதில் சொல்லும் பிள்ளையை எந்தத் தாய் நம்புவாள்? சலரோகம், சர்க்கரை வியாதி ஏதுமா? போதைப் பழக்கமா? அவனுடைய உடுப்புகளை முகர்ந்து பார்த்தாள். வியர்வை மணம் மட்டும்தான், ஆனால் நிறைய வியர்வை. ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஒரு துணியை வைத்து ஒரு நோயாளியின் கதையையே சொல்லிவிடுவாள். சொந்த மகனின் துணி மட்டும் பேச மறுத்தது.

பக்கத்து வீட்டு பத்மாவிடம் சொன்னாள். பத்மா மதுரைக்காரி, வாய் ஓயாது.

"அக்கா, உங்க பையன் இளைச்சு சூப்பரா இருக்கான்! எங்க வீட்டு மனுஷன் இப்படி இளைச்சா நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன். நீங்க என்னடான்னா அழறீங்க."

"விளையாடாதேங்கோ பத்மா. அரிசி மூட்டையையும் காணேல்லை."

"அரிசி மூட்டையா?" பத்மாவின் கண்கள் விரிந்தன. "அப்ப லவ்வுதான். தனியா வீடு எடுத்து அந்தப் பொண்ணுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வாங்க, இன்னைக்கே பின்னாடி போயிடலாம்."

அன்று பின்னேரம் பத்மாவின் சின்னக் காருக்குள் இரண்டு பெண்களும் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரவீனனின் கார் விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் நின்றது. அவன் இறங்கினான். பின்பெட்டியைத் திறந்து பெரிய முதுகுப் பையொன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒட்ட முடி வெட்டிய வெள்ளைக்காரன் ஒருவன் அவனுக்காகக் காத்து நின்றான்.

"பொண்ணைக் காணோமே" என்றாள் பத்மா ஏமாற்றத்தோடு.

பிரவீனன் ஓடினான். புல்மேட்டில் ஏறி ஓடினான், இறங்கி ஓடினான். முதுகுப் பை தொம் தொம் என்று இடுப்பில் மோதியது. விழுவான் போலிருந்தது, விழவில்லை. கடைசியில் வந்து முழந்தாளில் கை ஊன்றி நின்று, பையைக் கழற்றித் திறந்தான். உள்ளேயிருந்து அவன் வெளியே எடுத்தது சிவப்பரிசி மூட்டை.

பத்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, உங்க அரிசி! வயித்துக்குள்ள போக வேண்டியதை முதுகுல ஏத்தி வச்சிருக்கான்!"

கனகேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் கண்ணுக்கு அந்தப் பச்சைப் புல்மேடு தெரியவில்லை. செம்மண் திடல் தெரிந்தது. முதுகில் மூட்டையோடு ஓடும் பிள்ளைகள் தெரிந்தார்கள். காதலுக்கு யாரும் மூட்டை சுமந்து ஓடுவதில்லை. போதைக்கும் ஓடுவதில்லை. எதற்கு ஓடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"காரை எடுங்கோ பத்மா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அன்றே கேட்டிருப்பாள். ஆனால் ஒரு சந்தேகம் அவளைத் தடுத்தது. தன் நெய்யும் தேங்காய்ப் பாலும் எங்கே போகின்றன? பெட்டி வெறுமையாகத்தானே வருகிறது?

மறுநாள் மத்தியானம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்கு நடந்தாள். தருமராசா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிடங்கு, மகனுடைய பட்டறைக்கு அடுத்த வளவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மரமும் உட்கார ஒரு வாங்கும் இருந்தன. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

வாங்கில் தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மகனின் கையில் இரண்டு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும். தகப்பனின் மடியில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள். ஒன்றை முடித்துவிட்டு, விரலை நக்கிவிட்டு, மற்றதைத் திறந்துகொண்டிருந்தார் தருமராசா.

இந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை அவருடைய காற்சட்டை இடுப்பை அகட்டித் தைத்துக் கொடுத்தவள் அவள்தான்! மகனுக்காக வார்த்த நெய்யெல்லாம் கணவரின் தொந்தியாக அவள் கண்முன்னே வளர்ந்திருக்கிறது. அவள் ஊசியும் நூலுமாக அதற்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமிக்கோ? படையிலை சேரத்தானோ இந்த ஓட்டம்?" என்று கேட்டாள்.

பிரவீனன் தகப்பனைப் பார்த்தான்.

"அவரைப் பாராதை. என்னைப் பார். ஓமோ இல்லையோ?"

"ஓம்."

"இஞ்சரும், நீர் முதலிலை கத்தாமல் இரும்…" என்று தருமராசா தொடங்கினார்.

"நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ! அதுதான் ஏற்கெனவே நிறைஞ்சு போய்க் கிடக்கே. என்ர பிள்ளையின்ர சோத்தைத் திண்டு, அவனைத் தூக்கிக் குடுக்கப் பாத்தீங்களே. நீங்கள் ஒரு தகப்பனோ?"

தருமராசாவின் முகம் செத்துவிட்டது.

"அம்மா, லிசின். ப்ளீஸ்." பிரவீனன் அவள் முன்னால் வந்து முழந்தாளிட்டான். முன்பென்றால் அப்படி முழந்தாளிட அவனால் முடியாது. "மாமாவை அவங்கள் இழுத்துக்கொண்டு போனவங்கள். என்னை ஒருத்தரும் இழுக்கேல்லை. போன வருஷம் நானாத்தான் போய்க் கேட்டனான். யூ நோ வட் ஹப்பன்ட்? நிறையைக் குறைச்சுக்கொண்டு வா எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

கனகேஸ்வரி திடுக்கிட்டாள். அப்படியானால் கோட்டை வேலை செய்திருக்கிறது! அவளுக்குத் தெரியாமலே ஒருமுறை அவள் மகனைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் கோட்டைக்குள் இருந்தவனே சுவரை இடித்துக்கொண்டு வெளியே வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

"ஏனடா? இந்த நாட்டிலை உனக்கு என்ன குறை வைச்சனான்?"

"வின்ட்ஸர் பக்கம் வெள்ளம் வரேக்கை பட்டறை பொஸ்ஸோட நானும் போனனான் எல்லோ. ஆமி லொறி ஒண்டு தண்ணிக்குள்ளை நிண்டுபோச்சு. ரெண்டு பேர் இடுப்பளவு தண்ணியிலை நிண்டு அதைத் திருத்தி, ஒரு கிழவியையும் நாயையும் ஏத்திக்கொண்டு போனவங்கள். நான் கரையிலை நிண்டு பாத்தன். எனக்கும் அந்த எஞ்சின் தெரியும் அம்மா. ஆனா நான் இறங்கினா என்னைத் தூக்கவே நாலு பேர் வேணும்."

"லொறி" என்றாள் கனகேஸ்வரி. "எந்த லொறியெண்டாலும் பிள்ளையளை ஏத்திக்கொண்டுதான் போகும். இறக்கிவிட்ட லொறியை நான் கண்டதில்லை."

தருமராசா மெல்ல எழுந்தார். "கனகம், நான் அண்டைக்குத் தப்பி ஓடின ஆள். உம்மையும் இடுப்பிலை பிள்ளையையும் விட்டிட்டு ஓடினனான். சுஜீதனைப் பிடிச்ச நேரம் வீட்டிலை ஒரு ஆம்பிளை இல்லை. இவன் வந்து 'அப்பா, நான் ஓடவேணும், எனக்கு உதவி செய்யுங்கோ' எண்டு கேக்கேக்கை, நான் எந்த வாயாலை மறிக்கிறது?"

கனகேஸ்வரியின் கண்ணீர் மேசையில் சொட்டியது.

கடைசியில் பிரவீனன்தான் ஒரு வழி சொன்னான். "வாற வெள்ளி நிறைச் சோதனை. நீங்களும் வாங்கோ. உள்ளுக்கு வந்து பாருங்கோ. பாத்த பிறகும் வேண்டாமெண்டு சொன்னா, நான் கையெழுத்து வைக்கமாட்டன். ப்ரொமிஸ்."

அந்த வாக்கையும் அவள் சந்தேகித்தாள். பிள்ளைகளைக் கொண்டுபோகிற இடம் தாயை உள்ளே விடுமா? இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது.

வெள்ளி விடியற்காலை அவள் புட்டு அவித்தாள். மீன் பொரித்தாள். நெய்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு வாழையிலையில் பொதி கட்டிக் கைப்பையில் வைத்தாள். பிரவீனன் சோதனை முடியும்வரை ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்றான். மூவரும் ரயிலேறி நகரத்துக்குப் போனார்கள்.

படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடம். கனகேஸ்வரி முதலில் லொறியைத் தேடினாள், இல்லை. பின்வாசல் இருக்கிறதா என்று கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். குப்பைத் தொட்டிகள்தான் இருந்தன. வாசலில் காவல்காரன் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே, தலைமுடியை இறுகக் கட்டிய சீருடைப் பெண் ஒருத்தி, பிரவீனனின் வயதுதான் இருக்கும், கதிரை இழுத்துப் போட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கனகேஸ்வரி அதைக் குடிக்கவில்லை. உள்ளறைக்குள் போன பிரவீனன் சிறிது நேரத்தில் திரும்பி வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தேறிவிட்டான்.

"அவளிட்டை ஒண்டு கேள்" என்றாள் கனகேஸ்வரி. "உன்னைத் திருப்பித் தருவினமோ எண்டு கேள்."

"அம்மா…"

"கேள்."

அவன் ஆங்கிலத்தில் கேட்டான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு கனகேஸ்வரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பிரவீனன் மொழிபெயர்த்தான். "அப்பிடி ஒரு வாக்குத் தன்னாலை தர ஏலாதாம். தன்ர அம்மாவுக்கும் குடுக்கேல்லையாம். ஆனா சத்தியப் பிரமாணம் எடுக்கிற நிமிஷம் வரைக்கும் நான் எப்ப வேணுமெண்டாலும் எழும்பிப் போகலாமாம். ஒருத்தரும் மறிக்கமாட்டினமாம்."

எல்லோரும் சொல்வதுதான். அங்கேயும் எத்தனையோ சொன்னார்கள். கனகேஸ்வரி சட்டென்று எழுந்தாள்.

"எழும்பு. வா, போவம்."

தருமராசா பதறிப்போனார். "என்ன கனகம் இது…"

பிரவீனனின் கண் கலங்கியது. பல மாதம் ஓடிய ஓட்டமெல்லாம் அந்தக் கண்ணில் ஒருமுறை வந்து போனது. ஆனால் அவன் எழுந்தான். தாயின் பின்னால் நடந்தான். கண்ணாடிக் கதவு தானாகவே திறந்தது.

வீதியில் நின்று கனகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். யாராவது ஓடி வருகிறார்களா? கை நீட்டிப் பிடிக்கிறார்களா? ஒரு விசில் சத்தம், ஒரு அதட்டல்? இல்லை. கதவு மூடிக்கொண்டது. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். அவ்வளவுதான். பேருந்து ஒன்று போனது. சனங்கள் கோப்பியோடு நடந்து போனார்கள். அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்து நின்றாள். மகன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

ஒருவரும் வரவில்லை.

அவளுடைய தோள் மெல்ல இறங்கியது. தம்பியை ஏற்றிய அந்த லொறியின் பின்கதவு மூடிய சத்தம் இத்தனை வருடமாக அவள் காதுக்குள் இருந்தது. இன்றைக்குத்தான் உள்ளே போன தன் வீட்டுப் பிள்ளை ஒன்று வெளியே வந்து நிற்பதை அவள் காண்கிறாள்.

"சரி" என்றாள். "உள்ளுக்குப் போ."

"அம்மா?"

"போடா, அந்தப் பெட்டை நிண்டுகொண்டிருக்கிறாள். போய் உன்ர அலுவலைப் பார். நான் இஞ்சை நிக்கிறன்."

அவன் அவளைக் கட்டிப்பிடித்தான். தன் கை இரண்டும் இப்போது அவனைச் சுற்றி எட்டுவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். சிறு பிள்ளையாக இருந்தபோது எட்டியதுதான்.

உள்ளே அலுவல் முடிந்து அவன் வந்தபோது மூவரும் வீதியோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கனகேஸ்வரி பொதியை அவிழ்த்து மகனின் மடியில் வைத்தாள். அவன் ஒரு பிடி வாயில் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"நெய் போடேல்லையோ?"

"இல்லை."

அவன் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். முகாம் வாசலில் யாரும் வாங்காத பொதி அது. அவள் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் கொஞ்சம்…" என்று தருமராசா கை நீட்டினார்.

"உங்களுக்கு நாளையிலை இருந்து அவிச்ச முட்டையும் வெள்ளரிக்காயும். இனி ஒரு களிசானும் அகட்டித் தைக்கமாட்டன்." பிறகு மகனிடம் திரும்பினாள். "அரிசி மூட்டையை உயர்த்திக் கட்டு. நடு முதுகிலை இருக்கவேணும். உப்பிடி இடுப்பிலை தொங்கவிட்டு ஓடினா நாரி எலும்பு போயிடும். அங்கை அந்தத் திடலிலை ஓடின பெடியள் அப்பிடித்தான் கட்டினவங்கள்."

ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். முனையில் திரும்புமுன் கனகேஸ்வரி இன்னொரு முறை அந்தக் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.